கார்பெட் தேய்க்கும் மெஷினை நமக்கேத்த மாதிரி மாத்திக்கலாமா?



நம் கூட்டமைப்பில் துப்புரவு வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் குழுக்கள் சில இருக்கின்றன. ஒரு காலத்தில் வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த கைகள் இன்று கல்யாண மண்டபத்திலும், லாட்ஜிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஆபீஸ்களிலும் தரை தேய்க்கின்றன. வேலையில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் கார்பெட் வேலை வந்தால் மட்டும் நம் பெண்கள் தயங்குகிறார்கள். கூட்டங்களில் அடிக்கடி வரும் பேச்சு இதுதான்: "அந்தச் சுத்துற மெஷின் ஆளையே இழுத்துட்டுப் போகுதுங்க. ஈரம் காய மாட்டேங்குது. தேய்ச்சு முடிச்ச மறுநாளே கறை திரும்ப வந்துடுது. பெரிய மெஷினா வாங்கக் கடன் கிடைக்குமா?"

கடன் கிடைக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன்னால், கையில் இருக்கும் மெஷினையே கொஞ்சம் மாற்றினால் இந்த மூன்று குறையும் பெருமளவு தீருமா என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் தீரும். எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மெஷின் ஏன் இழுக்கிறது?

கடைக்காரர்கள் இதை சிங்கிள் டிஸ்க் மெஷின் என்பார்கள். மேலே ஒரு மோட்டார், நடுவில் பல்சக்கரப் பெட்டி, அடியில் ஒரே ஒரு வட்டப் பிரஷ். நம் குழுக்களிடம் இருப்பது பெரும்பாலும் 17 அங்குல மெஷின். எடை ஏறக்குறைய 40 கிலோ. மோட்டார் 1 முதல் 1½ குதிரைத்திறன். பிரஷ் நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று வரை சுற்றும். கேட்க மெதுவாகத் தோன்றும். ஆனால் 17 அங்குல வட்டத்தின் ஓரம் ஒரு சுற்றில் 1.35 மீட்டர் ஓடுகிறது. 175 சுற்று என்றால் நிமிடத்துக்கு 230 மீட்டருக்கு மேல் கார்பெட்டின் மேல் உரசிக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தச் சூடும், அந்த இழுப்பும்.

இந்த மெஷினுக்கு ஓடும்போது சக்கரம் கிடையாது. முழு எடையும் பிரஷ் மேல்தான். வட்டத்தின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தினால் மெஷின் நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் அந்தப் பக்கம் தரையைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் மாதிரி மெஷினை உருட்டிவிடும். பெரும்பாலான மெஷின்களில் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வலது பக்கம் போகும், தாழ்த்தினால் இடது பக்கம் போகும். நாம் பயந்து போய்க் கைப்பிடியை இறுக்கி அழுத்துகிறோம். அழுத்த அழுத்த அது இன்னும் வேகமாக ஓடுகிறது. மொசைக் தரையில் ஈரம் இருப்பதால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கார்பெட்டில் ஒவ்வொரு இழையும் பிரஷைப் பிடித்து இழுக்கும். ஆக, கார்பெட்டில் வரும் கஷ்டத்துக்கு நம் கை பலம் போதாதது காரணம் இல்லை. உரசல் அதிகம், அதுதான் காரணம். உரசலைக் குறைத்தால் ஐந்தடி உயரமுள்ள பெண்ணும் இரண்டு விரலால் ஓட்டலாம்.

மெஷினை மாற்றியவர்கள் யார்?

மெஷினில் கை வைப்பது இன்ஜினியர் வேலை, நமக்கெதுக்கு என்று சிலர் கேட்கலாம். கார்பெட் சுத்தம் செய்யும் மெஷினின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கேண்டன் என்ற ஊர். அங்கே ஒரு துணிமணிக் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர். ஆஸ்துமாக்காரர். கையால் தள்ளும் கார்பெட் பெருக்கியை வைத்துக் கூட்டும்போது கிளம்பும் தூசியில் அவருக்கு மூச்சுத் திணறும். வேலையை விடவும் முடியாது. 1907-இல் அந்தப் பெருக்கியிலேயே ஒரு மின்விசிறி மோட்டாரைப் பொருத்தி, விளக்குமாற்றுக் கம்பைக் கைப்பிடியாக்கி, தூசி சேரப் பின்னால் தலையணை உறையைக் கட்டினார். அடுத்த வருஷமே, 1908-இல், காப்புரிமையும் வாங்கினார். அந்த உரிமையை வாங்கியவர் ஹூவர் என்ற தோல் சாமான் உற்பத்தியாளர். இன்று உலகமெங்கும் பெயர் தெரிந்த ஹூவர் தூசி உறிஞ்சி அங்கிருந்து வந்ததுதான்.

அவர் மோட்டார் வைத்த மாதிரியான கையால் தள்ளும் பெருக்கிக்கு அதற்கும் 30 வருஷம் முந்தைய கதை உண்டு. பாத்திரக் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல் 1876-இல் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பீங்கான் சாமான் கட்டி வரும் மரத்தூள் கடைக் கார்பெட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் தொல்லைதான் அதற்குக் காரணம். 1889-இல் அவர் இறந்த பிறகு கம்பெனியை நடத்தியது அவர் மனைவி அன்னா பிஸ்ஸல். ஆரம்ப நாளில் அந்தப் பெருக்கிக்கான பிரஷ்களை அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார்கள். குழுத்தொழில் என்று நாம் இன்று சொல்வதை அவர்கள் அன்றே செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் பட்டுத் தொழிலிலேயே ஆள் இருக்கிறார். தெலங்கானாவில் ஆலேர் பக்கத்தைச் சேர்ந்த சிந்தகிண்டி மல்லேசம் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். போச்சம்பள்ளிப் புடவைக்கு நூலை முளைகளில் மாற்றி மாற்றிக் கோக்க, அவர் அம்மா லட்சுமி ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான தடவை கையை வீசி வீசி, தோள் வலியில் தவித்தார். அதைப் பார்த்துப் பல வருஷம் முயன்று, 1999-இல் அந்த வேலையைச் செய்யும் 'ஆசு' மெஷினை முடித்தார். அதற்கு வைத்த பெயரும் லட்சுமிதான். 2017-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மெஷின் எந்த இடத்தில் உடம்பை வலிக்க வைக்கிறது என்பது அதை ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கும்தான் தெரியும். மல்லேசத்துக்கும் ஸ்பேங்லருக்கும் அது தெரிந்திருந்தது.

முதல் மாற்றம்: அடியில் இருப்பது

மெஷினோடு கொடுக்கும் பிரஷ் பெரும்பாலும் தரை தேய்ப்பதற்கான கெட்டி பிரஷ். அதைக் கார்பெட்டில் போடவே கூடாது. இழை பிய்ந்து, பஞ்சு பஞ்சாக நிற்கும். கார்பெட்டுக்கென்று மெல்லிய நைலான் பிரஷ் தனியாக வருகிறது. அதைவிடவும் நம் வேலைக்கு ஏற்றது பேடு ஹோல்டர். இது பிரஷ் மாட்டும் இடத்தில் மாட்டும் வட்டத் தட்டு. அடியில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். துணிப் பேடு அதில் கவ்வி நிற்கும். இந்த ஒரு சாமான் வாங்கினால் போதும், மெஷினைத் திறக்கவே வேண்டாம். மாடலுக்கு மாடல் பூட்டு மாறும் என்பதால் பழைய பிரஷைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள்.

துணிப் பேடை நாமே தைக்கலாம். வெள்ளை டர்க்கி டவல் துணியை ஹோல்டரை விடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாக, இரண்டு வட்டமாக வெட்டுங்கள். நடுவில் பழைய பருத்தித் துணி இரண்டு மடிப்பு வைத்து, ஓரம் மட்டும் அல்லாமல் உள்ளேயும் வளையம் வளையமாகத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றும்போது துணி ஒரு பக்கம் ஒதுங்கி, மெஷின் குதிக்கும். சாயத் துணி வேண்டாம், சாயம் கார்பெட்டில் இறங்கும். பட்டன், கொக்கி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மண்டபத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேடாவது வேண்டும். ஒரு பக்கம் அழுக்கானதும் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் அழுக்கானால் வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அழுக்குப் பேடால் தேய்ப்பது கூழ்ச் சட்டியைக் கழுவாமல் அதிலேயே குழம்பு வைப்பது மாதிரி. தையல் தெரிந்த உறுப்பினர்கள் மற்ற குழுக்களுக்கும் தைத்துக் கொடுத்துக் காசு பார்க்கலாம்.

பேடை ஈரமாக்கிப் பிழிந்துதான் போட வேண்டும். காய்ந்த பேடு மிக ஆபத்து. மண்டபத்துச் சிவப்புக் கார்பெட் பலவும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. சூட்டில் சீக்கிரம் இளகும். காய்ந்த பேடு ஒரே இடத்தில் சுற்றினால் இழை உருகி வட்டமாகப் பளபளப்புத் தழும்பு விழும். அதைப் பிறகு எந்த சோப்பும் எடுக்காது, மண்டபக்காரர் நம் கணக்கில்தான் கழிப்பார்.

இன்னொரு மாற்றமும் வெளிநாடுகளில் இந்தத் தொழில் செய்பவர்களிடம் வழக்கத்தில் இருக்கிறது. பிரஷ் பலகையில் முடிக்கற்றைகளுக்கு நடுவே நாலைந்து வழுவழுப்பான பிளாஸ்டிக் வில்லைகளைப் பொருத்துவார்கள். எடையில் ஒரு பகுதி அந்த வில்லைகள் மேல் வழுக்கிக்கொண்டு போகும், முடி கார்பெட்டைப் பிடித்து இழுப்பது குறையும். நல்ல யோசனைதான். ஆனால் எல்லா வில்லையும் ஒரே உயரத்தில், நடுமையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று நூலளவு தூக்கி நின்றாலும் மெஷின் கிடுகிடு என்று ஆடும், பல்சக்கரம் தேயும். லேத் பட்டறையில் அளந்து செய்யத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பேடு ஹோல்டரோடு நிறுத்திக்கொள்வது நம்மில் பலருக்குப் போதும் என்பது எங்கள் கருத்து.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கார்பெட்டில் தூசியை விடப் பெரிய எதிரி நூல். மண்டபத்தில் பூச்சரத்து நார், தாம்பூலப் பையின் கயிறு. பட்டுக் கடையில் புடவை முந்தியிலிருந்து உதிரும் பட்டிழையும் ஜரிகையும். இவை பிரஷ் தண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறினால் பேரிங் போய்விடும். தண்ணீர் வைப்பதற்கு முன் நன்றாகக் கூட்டி, வாக்குவம் போட்டு, நூலைக் கையால் பொறுக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினைச் சாய்த்து, தண்டைப் பார்த்து கத்திரியால் வெட்டி எடுங்கள். பட்டிழை கையைக் கீறும், இழுத்துப் பிய்க்காதீர்கள்.

இரண்டாவது: தண்ணீர்

மெஷினில் மாட்டியிருக்கும் தொட்டி, தரை தேய்ப்பதற்காக வைத்தது. லிவரை இழுத்தால் தண்ணீர் கொட்டும். தரையில் கொட்டினால் துடைத்துவிடலாம், கார்பெட்டில் கொட்டினால் அடிவரை ஊறிவிடும். கறை திரும்ப வரும் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. காமாட்சி விளக்கில் எண்ணெய் திரி வழியாக மேலே ஏறுகிறதல்லவா? அதே போல, மேலே காயக் காய அடியில் நிற்கும் அழுக்குத் தண்ணீர் இழை வழியாக மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அழுக்கு மட்டும் நுனியில் நிற்கும். மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டுத் திட்டுவது இதற்காகத்தான். நாம் சரியாகத் தேய்க்கவில்லை என்று அவர் நினைக்கிறார். உண்மையில் தண்ணீர் அதிகமாகிவிட்டது.

தொட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள். சில கிலோ எடையும் குறையும், மெஷின் பேலன்ஸும் நன்றாக இருக்கும். அதற்குப் பதில் வயலுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறோம். பூச்சிமருந்து அடித்த டேங்கை எத்தனை தடவை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கார்பெட்டில் குழந்தைகள் உருளும், பந்திக்குப் போகிறவர்கள் அதில் உட்காருவார்கள். ஒருத்தர் முன்னால் பனி மாதிரி தெளித்துக்கொண்டே போக, இன்னொருத்தர் பின்னால் மெஷின் ஓட்டட்டும். கையை வைத்தால் ஈரம் தெரிய வேண்டும், அழுத்தினால் தண்ணீர் வரக் கூடாது. அந்த அளவு போதும். பிறகு எல்லா மின்விசிறியையும் போட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதை வேலை ஒத்துக்கொள்ளும்போதே சொல்லிவிடுவது நல்லது.

சோப்பு விஷயத்தில் ஒன்றுதான். மண்டபம் என்றாலே மஞ்சள். துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கரைத்து மஞ்சள் கறை மேல் போட்டால் அது ரத்தச் சிவப்பாக மாறும், பார்த்திருப்பீர்கள். சோப்புத்தூளில் காரத்தன்மை இருக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். எனவே காரம் இல்லாத கார்பெட் ஷாம்பு வாங்குங்கள். தெரியாமல் சிவந்துவிட்டால் கொஞ்சம் வினிகரைத் தண்ணீரில் கலந்து தொட்டுவைத்தால் மஞ்சள் நிறத்துக்குத் திரும்பும். மிச்ச மஞ்சள் வெயிலில் வெளுக்கும், கழற்றி எடுக்கக்கூடிய விரிப்பாக இருந்தால் மாடியில் காய வையுங்கள். எதையும் முதலில் ஒரு மூலையில் கைக்குட்டை அளவு இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வர வேண்டும்.

பவானி ஜமக்காளம், கோரைப்பாய், பட்டு அல்லது கம்பளி விரிப்பு இவற்றின் மேல் இந்த மெஷின் ஏறவே கூடாது. ஜமக்காளம் சுருண்டு பிரஷில் சுற்றிக்கொள்ளும். அதைத் தட்டி, துவைத்து, உலர்த்துவதுதான் முறை.

மூன்றாவது: நம் உடம்புக்கு

கைப்பிடியின் உயரத்தை மாற்ற ஒரு பூட்டு எல்லா மெஷினிலும் இருக்கிறது. நம் பெண்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை, கடைக்காரர் வைத்துக் கொடுத்த உயரத்திலேயே ஓட்டுகிறார்கள். நேராக நின்று, கை தளர்ந்து, கைப்பிடி இடுப்புக்குக் கீழே தொடை மேல் வந்து உட்கார வேண்டும். ஆள் மாறும்போது உயரமும் மாற வேண்டும். அந்தப் பூட்டின் பக்கத்தில் ஒவ்வொருவர் உயரத்துக்கும் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் சுலபம்.

கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றினால் அதிர்வு குறையும், கை மரத்துப்போகாது. டியூப் சுற்றிவிட்டதால் கரண்ட் அடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒயர் தொங்குவதற்குக் கைப்பிடியில் ஒரு கொக்கி மாட்டுங்கள். ஒயரை எப்போதும் தோள் மேல் போட்டு, முதுகுப் பக்கம் விட வேண்டும். புடவை கட்டியிருந்தால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, மேலே ஒரு கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டா வேண்டாம்.

மெஷினைத் தள்ளிப் போகும் பின்சக்கரங்கள் சின்னதாக இருக்கின்றன, மண்டபப் படியில் ஏறவில்லை என்று பெரிய ரப்பர் சக்கரம் மாட்டச் சிலர் கேட்கிறார்கள். மாட்டலாம். ஆனால் கைப்பிடியை ஓட்டும் நிலைக்குத் தாழ்த்தும்போது அந்தச் சக்கரம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் எடை ஒரு பக்கமாகப் போய் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்காது. வெல்டிங் வைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். படிக்கு இரண்டு பலகை கையோடு எடுத்துப் போவது இதைவிட மலிவு. 40 கிலோவை ஒருத்தராகத் தூக்கவே கூடாது. கருப்பை ஆபரேஷன் ஆனவர்கள், கருப்பை இறக்கம் உள்ளவர்கள், பிரசவமாகி சில மாதமே ஆனவர்கள் தூக்குகிற வேலைக்கே வர வேண்டாம், தெளிக்கிற வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கூலி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கரண்ட்: இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

மெஷினை 'மேம்படுத்துவதாக' நினைத்துச் செய்யும் சில மாற்றங்கள் உயிருக்கே ஆபத்து. முதலாவது, பிளக்கின் மூன்றாவது பின்னை உடைப்பது. மண்டபத்தில் இரண்டு ஓட்டைப் பாயிண்ட்தான் இருக்கிறது என்று பெரிய பின்னைக் கழற்றிவிட்டு, அல்லது பிளக்கே இல்லாமல் ஒயரைச் செருகித் தீக்குச்சியால் அடைத்து ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அந்தப் பெரிய பின் எர்த். மோட்டாருக்குள் ஒயர் உரசி மெஷின் உடம்பில் கரண்ட் பாய்ந்தால், அது எர்த் வழியாகத் தரைக்குப் போகும், ஃப்யூஸ் போகும். அந்தப் பின் இல்லாவிட்டால் கரண்டுக்கு வழி நாம்தான். ஈரக் கார்பெட், வெறுங்கால், இரண்டு கையும் இரும்புக் கைப்பிடியில். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது, கைப்பிடியில் இருக்கும் சுவிட்ச் லிவரைக் கயிறு போட்டுக் கட்டுவது. விரல் வலிக்கிறது என்று செய்கிறார்கள். கையை எடுத்தால் மெஷின் நிற்பதற்காகத்தான் அந்த லிவர். கட்டிவிட்டால், கை நழுவும்போது 40 கிலோ இரும்பு தானாகச் சுற்றிக்கொண்டு கைப்பிடியால் சுற்றியிருப்பவர் காலை அடிக்கும். விரல் வலித்தால் அரை மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றுங்கள்.

மூன்றாவது, நன்றாகத் தேயட்டும் என்று மேலே இரும்பு எடை, படிக்கல் கட்டுவது. கருங்கல் தரைக்கு அது சில இடத்தில் உதவும். கார்பெட்டில் உரசலைத்தான் கூட்டும், மோட்டார் சூடாகும். அதே போல் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடும் வேக மெஷின், நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் ஓடுவது, கார்பெட் பக்கமே வரக் கூடாது.

செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு, அதற்குக் கொஞ்சம் செலவாகும், செய்துவிடுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். மூன்று கோர் ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன், 15 ஆம்பியர் சாக்கெட், அதோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த ஆர்.சி.சி.பி. என்பது, போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சுவிட்ச். நம் உடம்பு வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் நிறுத்திவிடும். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்று மெஷின் ஓடக் கூடாது. இது இருக்கிறதே என்று எர்த் பின்னை விட்டுவிடவும் கூடாது, இரண்டும் வேண்டும்.

ஒயர் மெலிதாக இருந்தால் தூரம் போகப் போக மின்னழுத்தம் குறையும், மோட்டார் உறுமும், சூடாகும். மோட்டார் எரிவதில் பாதிக்கு மேல் மெஷின் குற்றமே கிடையாது, ஒயர் குற்றம் என்று ரிப்பேர் கடைக்காரர்கள் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டே ஓட்டினாலும் சுருள் சூடாகும், முழுதும் பிரித்துப் போடுங்கள். சுவிட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வந்து பிரஷ் சுற்றாவிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும் என்பதால் நாம் திறக்க வேண்டாம். மோட்டார் மூடியைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. உத்தரவாதக் காலம் முடியாத மெஷின் என்றால் அவரும் திறக்கக் கூடாது, கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

சரி, புது மெஷின் கடன்?

மேலே சொன்னதில் பேடு ஹோல்டர், தெளிப்பான், எக்ஸ்டென்ஷன் பெட்டி மூன்றும் குழுவின் உள்கடனிலேயே முடியும். அதை முதலில் செய்து மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வேலை மிஞ்சினால் புது மெஷினைப் பேசலாம். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் வாங்கலாம், வங்கிக் கடன் இணைப்பும் இருக்கிறது.

ஆனால் தவணையைப் போடும்போது பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு 48,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை என்றால் அசல் மட்டும் மாதம் 2,000, வட்டி தனி. தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் அதிகம், கட்டிவிடலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அந்த மூன்று மாதமும் வங்கி தவணையைக் கேட்கத்தான் செய்யும். மண்டபத்தை மட்டும் நம்பாமல், மாதாமாதம் வேலை தரும் ஆபீஸ் ஒன்று, லாட்ஜ் ஒன்றாவது கையில் இருந்தால்தான் கடனுக்குக் கையெழுத்துப் போடலாம். மாசியில் காமாட்சி அம்மன், பங்குனியில் ஏகாம்பரநாதர், வைகாசியில் வரதர் என்று திருவிழா வரும்போது லாட்ஜ்கள் நிறையும். 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் ஊரே நிரம்பி வழிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரிக் கூட்டம் 40 வருஷத்துக்கு ஒரு முறைதான், அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது மெஷின் வைத்திருக்கும் குழுக்கள் தங்கள் பிரஷ் ஒன்றையும், எக்ஸ்டென்ஷன் ஒயரையும் கொண்டு வாருங்கள். ஒரு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறோம். பிளக் பின் உடைந்திருந்தால் அங்கேயே மாற்றித் தருவார். தையல் தெரிந்தவர்கள் அரை மீட்டர் வெள்ளை டர்க்கி துணியும் கத்திரியும் எடுத்து வந்தால் ஒரு பேடு தைத்தே காட்டிவிடலாம்.